ஆப்பிள் மசியல்

மாதுங்காச் சந்தை கலையும் வேளையில், சிம்லாப் பக்கமிருந்து வழியெல்லாம் குலுங்கி வந்து கன்றிப்போன ஆப்பிள்கள் மலிவாகக் கிடைப்பதுண்டு. கன்றியது வேறு, அழுகியது வேறு. பூசணம் பிடித்த பழத்தில் பாட்டுலின் என்னும் நஞ்சு இருத்தல் கூடும். கொதிக்கவைப்பினும் அது அகலாது. காசைப் பாராது எறிந்துவிடுக.

கன்றிய பழங்களைத் தோல் சீவி, விதை நீக்கி நறுக்கி, எவர்சில்வர்ப் பாத்திரத்தில் 1 கிலோவிற்கு அரைத் தம்ளர் நீர்விட்டு மூடி, இளந்தீயில் 20 நிமிடம் வேகவிட்டு மத்தால் மசிக்கவேண்டும். இனித்த பழமாயின் சர்க்கரை வேண்டா. எலுமிச்சைச் சாறு சில துளி போதும். குளிர்ப்பெட்டியில் நான்கைந்து நாள் இருக்கும். 'ஆப்பிள் சாஸ்' என்பதை 'மசியல்' என்று பெயர்த்தது என் அலுவலகப் பழக்கம்!

செம்பூர் வீட்டில் காய்ச்சலுற்றுக் கஞ்சியையும் மறுத்த என் தாயார், இதனைத்தான் இரு கரண்டி உட்கொண்டார்.