பக்கத்தில் நிற்பவர்

(நமது மல்லாபூர் கிளையின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"விளையாட்டைப் பற்றி ஏதாவது பேசுங்கோ மாமா" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் ராக்கெட்டைக் கையில் பிடித்தவன் அல்ல. ஆனால் நம் ஊர்ப் பெண் ஒருத்தியின் வாழ்க்கையிலிருந்து நான் தாமதமாகக் கற்றுக்கொண்ட ஒரு பாடம் உண்டு. அதைச் சொல்கிறேன்.

சானியா மிர்ஸா ஆறு வயதில் இதே ஹைதராபாதில் டென்னிஸ் ஆடத் தொடங்கியவர். 2005 பிப்ரவரியில் இங்கே நடந்த போட்டியில் ஒற்றையர் பட்டம் வென்றபோது நகரமே கொண்டாடியது. டபிள்யூ.டி.ஏ. ஒற்றையர் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர்தான். 2007 ஆகஸ்டில் உலகத் தரவரிசையில் 27-ஆம் இடம். அதற்குப் பின் வலது மணிக்கட்டு மக்கர் செய்தது. 2008-ல் அறுவை சிகிச்சை. முழங்காலும் படுத்தியது. 2013-லிருந்து ஒற்றையர் ஆட்டத்தை விட்டு, இரட்டையர் மட்டும் ஆடினார்.

அப்போது பலரும் "அவ்வளவுதான், முடிந்தது" என்றார்கள். நானும் சொன்னேன். நம் கண்ணுக்கு ஒற்றையர்தான் டென்னிஸ். பணமும் அப்படித்தான். 2015 விம்பிள்டனில் ஒற்றையர் சாம்பியனுக்கு 18 லட்சத்து 80 ஆயிரம் பவுண்டு. இரட்டையர் சாம்பியன்கள் இருவருக்கும் சேர்த்தே 3 லட்சத்து 40 ஆயிரம்.

ஆனால் இரட்டையர் ஆட்டம் பாதி ஆட்டம் அல்ல, வேறு ஆட்டம். மைதானத்தின் அகலம் 27 அடியிலிருந்து 36 அடியாகிறது. யார் பந்தை எடுப்பது, யார் விட்டுக்கொடுப்பது என்று கண் இமைக்கும் நேரத்தில் தீர்மானிக்க வேண்டும். கூட்டாளி தவறவிட்டால் முகத்தில் காட்டிக்கொள்ளக்கூடாது. சானியாவின் பலம் பின்னாலிருந்து அடிக்கும் ஃபோர்ஹாண்ட். மார்ட்டினா ஹிங்கிஸின் பலம் வலையருகே காட்டும் சாமர்த்தியம். 2015 மார்ச்சில் இருவரும் சேர்ந்தார்கள். ஏப்ரலிலேயே சானியா இரட்டையர் தரவரிசையில் உலக முதலிடம். அந்த இடத்தை எட்டிய முதல் இந்தியப் பெண்.

அந்த வருஷ விம்பிள்டன் இறுதி ஆட்டத்தில் மூன்றாவது செட்டில் 2-5 என்று பின்தங்கியிருந்தார்கள். அங்கிருந்து மீண்டு 7-5 என்று ஜெயித்தார்கள். தொடர்ந்து அமெரிக்க ஓப்பன், 2016-ல் ஆஸ்திரேலிய ஓப்பன். வரிசையாக 41 ஆட்டங்கள் தோல்வியே இல்லை. கலப்பு இரட்டையரில் பெற்ற மூன்றையும் சேர்த்தால் சானியாவிடம் மொத்தம் ஆறு கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள். முதலிடத்தில் 91 வாரங்கள்.

நம் ராமநாதன் கிருஷ்ணனையும் நினைத்துப் பாருங்கள். 1960, 61-ல் விம்பிள்டன் ஒற்றையர் அரையிறுதி வரை போனவர். 1966-ல் மெல்போர்னில் நடந்த டேவிஸ் கோப்பை இறுதிச் சுற்றில் ஆஸ்திரேலியாவிடம் இந்தியா 4-1 என்று தோற்றது. அந்த ஒரு வெற்றி எது தெரியுமா? கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் சேர்ந்து நியூகோம்ப், ரோச் ஜோடியை வென்ற இரட்டையர் ஆட்டம்தான்.

இப்போது என் அகத்துக் கதை. என் பெண் எட்டு வயதிலிருந்து வாய்ப்பாட்டு. கூடவே வயலினும். மேடையில் நடுவில் உட்கார்ந்து பாடுவாள் என்று நான் கனவு கண்டேன். இருபத்து நாலு வயதில் தொண்டையில் கோளாறு. நீண்ட நேரம் பாடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் அழவில்லை. வயலினை எடுத்துக்கொண்டு பக்கவாத்தியம் வாசிக்கக் கிளம்பினாள்.

நான் சொன்னது என்ன தெரியுமா? "பதினாறு வருஷம் கற்றுக்கொண்டது ஓரத்தில் உட்காரவா?" என்றேன். அவள் பதில் பேசவில்லை. அதன்பின் தன் கச்சேரிகளைப் பற்றி என்னிடம் சொல்வதையே நிறுத்திவிட்டாள். அவள் அம்மா மட்டும் போய்வருவாள். யாராவது விசாரித்தால், "தொண்டை சரியானதும் பாடுவாள்" என்று பூசி மெழுகுவேன்.

2023 மார்ச்சில் லால் பகதூர் ஸ்டேடியத்தில் சானியாவின் பிரிவு உபசார ஆட்டம். நானும் போயிருந்தேன். "ஒற்றையரில் தோற்றவர்" என்று அங்கே யாரும் பேசவில்லை. எழுந்து நின்று கைதட்டினார்கள். நானும் தட்டினேன். ஊரார் பெண்ணுக்குத் தட்டிய கை சொந்தப் பெண்ணுக்கு இதுவரை தட்டவில்லையே என்று, வீடு திரும்பும் வழியெல்லாம் உறுத்தியது.

அடுத்த மாதம் அவளிடம் சொல்லாமலே அவள் வாசித்த ஒரு கச்சேரிக்குப் போனேன். பாடியவர் சின்னப் பெண். ஆலாபனை நடுவே பயத்தில் சுருதி நழுவியது. என் பெண் ஒரே ஸ்வரத்தை நீளமாக, நிதானமாக இழுத்துக் கொடுத்தாள். அந்தக் குழந்தை அதைப் பற்றிக்கொண்டு கரையேறியது. சபையில் பாதிப் பேருக்கு நடந்தது தெரியாது. எனக்குத் தெரிந்தது.

கச்சேரி முடிந்ததும் அருகில் போய், "நன்னா இருந்ததும்மா. அன்னிக்கு நான் சொன்னது தப்பு" என்றேன். "காபி சாப்பிட்டேளா அப்பா?" என்று மட்டும் கேட்டாள். அடுத்த கச்சேரி என்றைக்கு என்பதை இப்போது என்னிடம் முதலில் சொல்கிறாள்.

இங்கே உட்கார்ந்திருக்கும் பெற்றோர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் குழந்தை ஒரு பாதையை விட்டு வேறு பாதை பிடித்தால், அதைத் தோல்வி என்று நாலு பேரிடம் சொல்வதற்கு முன், ஒரு தரம் போய்ப் பாருங்கள். என்னைப்போல் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டாம்.