விடுதி வாசலில் நின்ற வரி



பட்டம் பெறும் மாணவர்களே, ஓசூர் அருகே ஜூஜூவாடி சோதனைச் சாவடியில் லாரிகள் வரிசைகட்டி நின்றதை உங்கள் பெற்றோர் பார்த்திருப்பார்கள். 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தது, வணிகவரிச் சாவடிகள் போயின. வரி மட்டும் போகவில்லை. பெண்கள் விடுதி வாசலிலேயே வந்து நின்றது.

சிப்காட் தொழிற்பேட்டை ஆலைகளுக்கு வெளியூரிலிருந்து வரும் பெண்ணுக்கு விடுதிதான் வீடு. இரவு ஷிஃப்ட் முடித்து வந்து, ஆறிய இட்லியைத் தின்றுவிட்டு, பக்கத்துக் கட்டில்காரி அலாரம் வைக்கும் நேரத்தில் தூங்கப் போவாள். இது வீடல்ல, வணிகம் என்றது வரித்துறை. மகளிர் விடுதியும் குடியிருப்புதான், ஜிஎஸ்டி கூடாது என்று 2024 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு ஜூனில் ஜிஎஸ்டி கவுன்சிலும் இறங்கிவந்தது: மாதம் 20,000 ரூபாய் வரையிலான விடுதிக் கட்டணத்துக்கு விலக்கு, ஆனால் தொடர்ந்து 90 நாள் தங்க வேண்டும். இரண்டே மாதத்தில் ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பும் பெண்ணை விதி எழுதியவர்கள் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

விடுதியில் அவள் காசு கொடுத்து வாங்குவது சோறும் சுத்தமும். அதையே வீட்டில் அம்மா செய்தால் எந்தக் கணக்கிலும் ஏறாது. 2024 தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண் நாளொன்றுக்குத் தருவது 289 நிமிடம், ஆண் 88. அந்த 88-ம் வீட்டு வேலை செய்கிற ஆண்களின் சராசரிதான். கை நனைக்காதவர்கள் அதில் சேரவில்லை!

கணவன் பெயரில் வாங்கிய சொத்தில் இல்லத்தரசியின் உழைப்புக்கும் சம பங்குண்டு என்று 2023 ஜூனில் இதே உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தச் செப்டம்பரில் தமிழக அரசு மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகையைத் தொடங்கியது. இலவசம் என்று முணுமுணுப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். அந்தத் தொகையைப் பெறும், வருமான வரி கட்டாத பெண்ணும் துணிசோப்பு வாங்கும்போதெல்லாம் ஜிஎஸ்டி கட்டுகிறாள். நாளுக்கு 33 ரூபாய் சலுகையே அல்ல, பாக்கியில் ஒரு சிறு தவணை.

குழந்தையைப் பார்த்துக்கொள்வதும் கணக்கில் ஏறாத வேலைதான். குறைந்தது 50 பேர் வேலைபார்க்கும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்பது 2017 முதல் சட்டம். நாளை நேர்முகத் தேர்வுக்குப் போகும் தம்பிகளே, காப்பகம் எங்கே என்று நீங்களும் கேளுங்கள். அந்தக் கேள்வியைப் பெண்கள் மட்டுமே கேட்டுக்கொண்டிருக்க விடாதீர்கள்.