எதிர்த்தரப்பு இல்லாத நீதிமன்றம்



வழக்கு என்றால் இரண்டு தரப்பு உண்டு. ஒருவர் குற்றம் சாட்டுவார், இன்னொருவர் மறுப்பார். ஒருவர் மறைத்ததை மற்றவர் தேடி எடுத்து மேசையில் வைப்பார். சாட்சி பொய் சொன்னால் குறுக்கு விசாரணையில் குட்டு உடையும். இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டு நீதிபதி தீர்ப்பு எழுதுவார். நீதிமன்றம் என்றதும் நம் மனத்தில் எழுகிற சித்திரம் இதுதான்.

இந்தச் சித்திரத்துக்குள் அடங்காத ஒரு நீதிமன்றம் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் இருக்கிறது. அங்கே நீதிபதி உண்டு, அரசு வழக்கறிஞர் உண்டு. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் மட்டும் கிடையாது. யாருடைய தொலைபேசியை ஒட்டுக்கேட்க, யாருடைய மின்னஞ்சலைப் படிக்க அரசு அனுமதி கேட்கிறதோ, அந்த மனிதருக்கு இப்படி ஒரு மனு போடப்பட்டிருப்பதே தெரியாது. பெரும்பாலானவர்களுக்குக் கடைசிவரை தெரியாது. அந்த நீதிமன்றத்தில் நிற்கிற அரசு வழக்கறிஞரைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன். தேசப் பாதுகாப்புச் சட்டம் என்ற துறையில் வேலை செய்கிறவர் அவர். எதிராளி இல்லாத இடத்தில் அவர் எவ்வளவு நேர்மையாக நடந்துகொள்ள வேண்டும் என்பது, என் பார்வையில், அந்தத் துறையின் ஆகப் பெரிய கேள்வி.

முதலில் அந்த நீதிமன்றம் பிறந்த கதை. 1970களின் நடுவில் செனட்டர் ஃபிராங்க் சர்ச் தலைமையில் ஒரு விசாரணைக் குழு அமைந்தது. உளவு அமைப்புகள் சொந்தக் குடிமக்களையே பல்லாண்டுகளாக வேவு பார்த்து வந்ததை அந்தக் குழு அம்பலமாக்கியது. மார்ட்டின் லூதர் கிங்கின் தொலைபேசியையே எஃப்.பி.ஐ. ஒட்டுக்கேட்டிருந்தது. அதன் விளைவாக 1978இல் ஒரு சட்டம் வந்தது. உள்நாட்டில் உளவுக்காக ஒட்டுக்கேட்க வேண்டுமானால் ஒரு நீதிபதியிடம் காரணம் காட்டி உத்தரவு வாங்கியாக வேண்டும். இதற்கென்றே தனி நீதிமன்றம். இன்று அதில் 11 நீதிபதிகள். உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி அவர்களை நியமிக்கிறார், அவர்கள் வாரத்துக்கு ஒருவராக முறைவைத்து மனுக்களைப் பார்க்கிறார்கள். அமெரிக்கக் குடிமகன் மீதான உத்தரவு 90 நாள் செல்லும். பிறகு வேண்டுமானால் மறுபடி மனுப் போட வேண்டும்.

அந்த மனுவைத் தயாரிப்பவர்கள் அரசின் நீதித் துறையின் தேசப் பாதுகாப்புப் பிரிவு வழக்கறிஞர்கள். 2006இல் உருவான பிரிவு அது. அவர்களுடைய வேலை நாள் நாம் திரைப்படத்தில் பார்ப்பது போல இருக்காது. கைப்பேசியை வெளியே வைத்துவிட்டு, பூட்டிய பாதுகாப்பு அறைக்குள் போக வேண்டும். அங்கே படித்த காகிதத்தை வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது. இரவுச் சாப்பாட்டின்போது மனைவியிடமோ கணவனிடமோ அன்றைய வேலையைப் பற்றி வாய் திறக்க முடியாது. வேலையை விட்டு விலகிய பிறகும், பார்த்த இரகசியத்தைத் தொட்டு எதையாவது எழுதினால் அரசிடம் காட்டி ஒப்புதல் வாங்கித்தான் அச்சிட வேண்டும். பலர் இந்த மௌனத்தைத்தான் அந்த வேலையின் பெரிய சுமை என்று நினைப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மௌனம் பழகிவிடும். தன் கட்சிக்காரரான அரசுக்குப் பாதகமான உண்மையைத் தானே எடுத்து நீதிபதி முன் வைக்க வேண்டியிருக்கிறதே, அது எளிதில் பழகாது.

அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் நடத்தை விதிகளில் 3.3 என்றொரு விதி உண்டு. எதிர்த்தரப்பு இல்லாமல் நடக்கும் விசாரணையில், தனக்குத் தெரிந்த முக்கியமான உண்மைகள் அத்தனையையும், அவை தன் பக்கத்துக்குப் பாதகமானவையாக இருந்தாலும், வழக்கறிஞர் நீதிமன்றத்திடம் சொல்லிவிட வேண்டும் என்கிறது அது. படிப்பதற்குச் சுலபம். போர்க்காலத்தில், மேலதிகாரி அவசரப்படுத்தும்போது, தேசத்துக்கே ஆபத்து என்ற பேச்சு காதில் விழுந்துகொண்டிருக்கும்போது கடைப்பிடிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1942 பிப்ரவரி 19. பேர்ல் துறைமுகத் தாக்குதல் நடந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதிபர் ரூஸ்வெல்ட் 9066 என்ற எண்ணுள்ள ஆணையில் கையெழுத்திட்டார். அதை வைத்துக்கொண்டு, மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோரை ராணுவம் வீடு வாசலை விட்டு வெளியேற்றி முகாம்களில் அடைத்தது. அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். ஓக்லண்டைச் சேர்ந்த ஃபிரெட் கொரமாட்சு என்ற 23 வயது வெல்டர் போக மறுத்தார். கைது செய்தார்கள், தண்டித்தார்கள். வழக்கு படிப்படியாக உச்ச நீதிமன்றம் வரை போனது.

இந்த வெளியேற்றம் ராணுவத் தேவை என்பதற்கு அரசு காட்டிய ஆதாரம், மேற்குக் கடற்கரைப் படைத் தளபதி ஜான் டிவிட் எழுதிய அறிக்கை. கரையிலிருந்து கடலில் இருந்த எதிரிக் கப்பல்களுக்கு விளக்குச் சைகை காட்டினார்கள், திருட்டு ரேடியோவில் செய்தி அனுப்பினார்கள் என்றெல்லாம் அதில் இருந்தது. நீதித் துறையில் எட்வர்ட் என்னிஸ், ஜான் பர்லிங் என்று இரண்டு வழக்கறிஞர்கள். உச்ச நீதிமன்றத்துக்கான எழுத்துவாதத்தைத் தயாரிப்பதில் இருவருக்கும் பங்கு உண்டு. அவர்களுக்குச் சந்தேகம் வந்தது. சந்தேகத்தோடு நிற்காமல் எஃப்.பி.ஐ.யைக் கேட்டார்கள். அப்படி எந்தத் தகவலும் எங்களிடம் இல்லை என்று பதில் வந்தது. வானலைகளைக் கண்காணிக்கும் கூட்டரசுத் தகவல்தொடர்பு ஆணையத்தைக் கேட்டார்கள். திருட்டு ஒலிபரப்பு என்று வந்த புகார்களை ஆராய்ந்தோம், ஒன்றுகூட மெய்ப்படவில்லை, இதை அப்போதே தளபதியின் அலுவலகத்துக்கும் சொல்லிவிட்டோம் என்றது ஆணையம்.

நேயர்களே, அந்த இரண்டு பேர் நிலையில் உங்களை வைத்துப் பாருங்கள். நாடு போரில் இருக்கிறது. உங்கள் கட்சிக்காரர் அரசாங்கம். அரசின் முக்கிய ஆதாரம் பொய் என்பது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. சிறைப்பட்டவர்களின் வழக்கறிஞருக்கு அது தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை. என்ன செய்வீர்கள்?

பர்லிங் ஓர் அடிக்குறிப்பு எழுதினார். ரேடியோ பற்றியும் சைகை விளக்குகள் பற்றியும் தளபதியின் அறிக்கை சொல்வது, நீதித் துறையிடம் உள்ள தகவல்களுக்கு முரணானது, ஆகவே அந்தப் பகுதியை ஏற்கும்படி நாங்கள் நீதிமன்றத்தைக் கேட்கவில்லை என்பது அதன் சாரம். பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் சில வரிகள், அவ்வளவுதான். ஆனால் அதைப் படிக்கிற எந்த நீதிபதியும் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். எழுத்துவாதம் அச்சுக்கும் போய்விட்டது. போர்த் துறைக்குச் சேதி எட்டியது. துணைச் செயலர் ஜான் மக்ளாய் தரப்பிலிருந்து எதிர்ப்பு வந்தது. அச்சு நின்றது. இது சத்தியத்தைப் பற்றிய விஷயம் என்று மேலே எழுதினார்கள் என்னிஸும் பர்லிங்கும். இந்தக் குறிப்பை எடுத்துவிட்டால், பொய் என்று தெரிந்தே நாம் அதற்குத் துணை போனவர்கள் ஆவோம் என்று வாதாடினார்கள். கடைசியில் அடிக்குறிப்பு தேய்ந்து தேய்ந்து, வெளியேற்றத்துக்கான காரணங்களை இந்த வாதத்திலேயே சொல்லியிருக்கிறோம், அந்த அளவுக்குத்தான் அறிக்கையை நம்புகிறோம் என்ற மழுப்பலான வாசகமாக அச்சேறியது. முரண்பாடு என்ற பேச்சே அதில் இல்லை.

1944 அக்டோபரில் சொலிசிட்டர் ஜெனரல் சார்லஸ் ஃபாஹி அரசின் சார்பில் நேரில் வாதாடினார். அறிக்கையிலிருந்து அரசு பின்வாங்குவதாக யாரும் எண்ண வேண்டாம் என்று நீதிபதிகளுக்கு உறுதி சொன்னார். டிசம்பர் 18 அன்று தீர்ப்பு வந்தது. ஆறு பேர் அரசின் பக்கம், மூன்று பேர் எதிர்ப்பக்கம். கொரமாட்சு தோற்றார். அந்த அடிக்குறிப்பு முழுசாக நீதிபதிகள் கைக்குப் போயிருந்தால் தீர்ப்பு மாறியிருக்குமா என்று வாதிக்கிறவர்கள் உண்டு. என் கவலை அதைவிட அடிப்படையானது. முடிவெடுக்கும் பொறுப்பு நீதிபதிகளுக்கு இருந்தது, அதற்கு வேண்டிய உண்மை அவர்களிடம் தரப்படவில்லை.

அறிக்கையைப் பற்றி இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். அதன் முதல் அச்சுப் பிரதியில், விசுவாசமானவரையும் அல்லாதவரையும் பிரித்தறிய எவ்வளவு காலம் கொடுத்தாலும் முடியாது என்ற பொருளில் தளபதி எழுதியிருந்தார். இனத்தைக் காரணம் காட்டும் அந்த வாசகம் நீதிமன்றத்தில் எடுபடாது என்று போர்த் துறைக்குத் தெரிந்தது. பிரித்தறிய அவகாசம் இல்லை என்று மாற்றினார்கள். பழைய பிரதிகளை எரித்தார்கள். எரித்ததற்குச் சான்றாகக் குறிப்பும் எழுதி வைத்தார்கள். ஆனால் ஒரு பிரதி தப்பிவிட்டது. பல பத்தாண்டுகள் கழித்து, இளம் வயதில் அதே முகாம்களில் அடைபட்டிருந்த ஐகோ ஹெர்சிக் யோஷினாகா என்ற பெண்மணி தேசிய ஆவணக் காப்பகத்தில் அதைக் கண்டெடுத்தார். அதே காலத்தில் பீட்டர் அயர்ன்ஸ் என்ற ஆய்வாளர் என்னிஸ், பர்லிங் இருவரின் குறிப்புகளைத் தேடிப் பிடித்தார். அந்தக் காகிதங்களின் பலத்தில் 1983 நவம்பர் 10 அன்று, சான் பிரான்சிஸ்கோவில் நீதிபதி மர்லின் ஹால் படேல் கொரமாட்சு மீதான தண்டனையை ரத்து செய்தார். ஃபாஹி அமர்ந்த அதே பொறுப்பில் இருந்துகொண்டு, அன்று என் அலுவலகம் செய்தது தவறு என்று நீல் கட்யால் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது 2011இல். 67 ஆண்டுகள் ஆகிவிட்டன.

சரி, அது போர்க்காலம், பழைய கதை என்று தள்ளிவிட முடியுமா? முடியாது. வாஷிங்டன் நீதிமன்றத்துக்கே திரும்புவோம். 2000ஆம் ஆண்டில், சுமார் 75 மனுக்களில் தவறான தகவல் தந்துவிட்டோம் என்று அரசே அந்த நீதிமன்றத்திடம் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. 2001இல் எஃப்.பி.ஐ. ஒரு நடைமுறை கொண்டுவந்தது. மனுவில் எழுதுகிற ஒவ்வொரு செய்திக்கும் ஆதாரக் காகிதம் ஒரு தனிக் கோப்பில் இருக்க வேண்டும், வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் 2020இல் நீதித் துறையின் தலைமை ஆய்வாளர் 29 மனுக்களை எடுத்துச் சோதித்தபோது, 4 மனுக்களுக்குக் கோப்பே கிடைக்கவில்லை. மிச்சம் 25 கோப்புகளையும் பார்த்தார். பிழையோ ஆதாரக் குறையோ இல்லாத கோப்பு ஒன்றுகூட இல்லை.

அதற்குச் சில மாதம் முன்பு, 2019 டிசம்பரில், அதே ஆய்வாளர் கார்ட்டர் பேஜ் விவகாரத்தில் 17 பெரிய தவறுகளைப் பட்டியலிட்டிருந்தார். பேஜ், 2016 தேர்தலில் டிரம்ப் பிரசாரக் குழுவுக்கு ஆலோசகராக இருந்தவர். ரஷ்யத் தொடர்பு என்ற சந்தேகத்தில் அவரைக் கண்காணிக்க நான்கு முறை உத்தரவு வாங்கினார்கள். அவர் முன்பு சி.ஐ.ஏ.வுக்குத் தகவல் தந்து உதவியவர் என்று சி.ஐ.ஏ.வே எஃப்.பி.ஐ.யிடம் சொல்லியிருந்தது. நீதிபதி அறிந்திருக்க வேண்டிய செய்தி அது. மனுவில் வரவில்லை. 2017இல், கடைசி மனுவின்போது ஓர் அதிகாரி, இதை உறுதி செய்யுங்கள் என்று சரியாகவே கேட்டிருக்கிறார். எஃப்.பி.ஐ. வழக்கறிஞர் ஒருவர், சி.ஐ.ஏ. அனுப்பிய மின்னஞ்சலில் பேஜ் தகவலாளி அல்ல என்று பொருள்படும் சொற்களைத் தானே சேர்த்து அந்த அதிகாரிக்கு அனுப்பினார். தான் எழுதியது உண்மை என்றே நம்பியதாகப் பின்னர் நீதிமன்றத்தில் சொன்னார். குற்றத்தை ஒப்புக்கொண்டார், 2021இல் 12 மாத நன்னடத்தைக் கண்காணிப்பு தண்டனையாகக் கிடைத்தது. நான்கில் கடைசி இரண்டு உத்தரவுகளுக்குப் போதிய ஆதாரம் இருக்கவில்லை என்று நீதித் துறையே ஏற்றுக்கொண்டது.

1944க்கும் 2017க்கும் எவ்வளவோ வித்தியாசம் உண்டு. ஒரு லட்சம் பேரின் வாழ்க்கையையும் ஒருவர் மீதான கண்காணிப்பையும் நான் சமமாக நிறுத்தவில்லை. இரண்டு இடத்திலும் நடந்தது என்ன என்று மட்டும் பாருங்கள். அரசுக்கு இடைஞ்சலான ஒரு தகவல் வழக்கறிஞர்கள் மேசை வரை வந்தது, அதைத் தாண்டி நீதிபதியிடம் போகவில்லை. மறுபக்கத்தில் கேட்க ஆள் இல்லை.

2015இல் ஒரு சீர்திருத்தம் செய்தார்கள். புதிய சட்டக் கேள்வி எழும் வழக்குகளில், நீதிமன்றத்துக்குத் துணைநிற்கும் வழக்கறிஞர்களை வெளியிலிருந்து அழைக்கலாம். குறைந்தது ஐந்து பேர் கொண்ட பட்டியல் தயாராக இருக்க வேண்டும். இதை மனமார வரவேற்கிறேன். ஆனாலும் வழக்கமான மனுக்களில் அவர்கள் அழைக்கப்படுவதில்லை. ஒரு தனிமனிதரைக் கண்காணிக்கக் கேட்கும் மனுவில் இன்றும் அரசு வழக்கறிஞர் ஒருவரே பேசுகிறார். குடிமகனைக் கண்காணிக்கும் ஒவ்வொரு மனுவிலும் அப்படி வெளியிலிருந்து வரும் ஒருவர் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இரகசியம் காக்கத் தெரிந்த வழக்கறிஞர்கள் அரசாங்கத்தில் மட்டும்தான் இருக்கிறார்களா?

கடைசியாக என்னிஸ், பர்லிங் பற்றி ஒரு வார்த்தை. அடிக்குறிப்பு சிதைக்கப்பட்ட பிறகும் அந்த எழுத்துவாதத்தில் இருவர் பெயரும் இருந்தது. ஏன் ராஜினாமா செய்யவில்லை என்று பின்னாளில் அயர்ன்ஸ் கேட்டபோது, நாங்கள் விலகியிருந்தால் ராணுவம் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிறவர்கள் கைக்கு வழக்கு போயிருக்கும் என்றார் என்னிஸ். இந்தப் பதில் என்னை நீண்ட நாள் யோசிக்க வைத்தது. அவர்கள் கையெழுத்திட்டிருக்கக் கூடாது என்றே நினைக்கிறேன். உள்ளே இருந்து போராடுவதற்கும் ஓர் எல்லை உண்டு, நீதிபதியிடம் பொய் போகும் இடம்தான் அந்த எல்லை. அதே நேரத்தில், அவர்கள் தங்கள் எதிர்ப்பை வாய்ப்பேச்சோடு விடாமல் குறிப்புகளாக எழுதிக் கோப்பில் சேர்த்தார்கள். அந்தக் குறிப்புகள் இல்லையென்றால் 1983 தீர்ப்பு வந்திருக்காது. என்னிஸ் பின்னாளில் அமெரிக்கக் குடிமை உரிமைகள் சங்கத்தின் தலைவரானார். அதே போர்க்கால ராணுவ ஆணைகளை மீறியதற்காகத் தண்டிக்கப்பட்ட கார்டன் ஹிராபயாஷியின் வழக்கு 1985இல் சியாட்டிலில் மறுபடி விசாரணைக்கு வந்தபோது, சாட்சிக் கூண்டில் ஏறி, போர்க்காலத்தில் நீதித் துறைக்குள் நடந்ததை நீதிபதியிடம் சொன்னார்.