சினிமா பார்த்துட்டு ராக்கெட் ஏறுறவங்க

திமிரியில எங்க வீட்டு மாடியிலிருந்துதான் இன்னைக்கும் பேசுறேன். நடுவுல ஆரணி பஸ் ஹாரன் கேட்டா கண்டுக்காதீங்க.

இன்னைக்கு ஒரு ஹோட்டலோட கதை. கஜகஸ்தான்ல பைக்கோனூர்னு ஒரு ஊர். சோவியத் காலத்துல அதுக்குப் பேர் லெனின்ஸ்க். அங்க இருக்கிறதுதான் காஸ்மோனாட் ஹோட்டல். ராக்கெட் ஏறப்போறவங்களுக்கு சளி, காய்ச்சல் எதுவும் தொத்திடக்கூடாதுன்னு கிளம்புற வரைக்கும் அங்க தனியா வெச்சிருப்பாங்க. பக்கத்துல மரங்கள் வரிசையா நிக்கும். ஒவ்வொண்ணும் விண்வெளிக்குப் போன ஒருத்தர் பேர்ல இருக்கு. கிளம்புற அன்னைக்கு, தங்கின ரூம் கதவுல கையெழுத்துப் போடுவாங்க. அதுக்கு முன்னாடி எல்லாரும் ஒரே படத்தைப் பார்ப்பாங்க. 1970-ல வந்த 'பாலைவனத்தின் வெள்ளைச் சூரியன்'.

ஏன் அந்தப் படம்? 1971-ல சோயுஸ் 11 பூமிக்குத் திரும்பும்போது ஒரு வால்வு திறந்து, உள்ள இருந்த காத்து மொத்தமும் போயிடுச்சு. மூணு பேரும் இறந்துட்டாங்க. விண்வெளி உடை போட இடமே இல்லாத அளவுக்கு நெருக்கி உட்கார வெச்சிருந்தாங்க. அடுத்து 1973-ல சோயுஸ் 12-ல போனவங்க இந்தப் படத்தைப் பார்த்துட்டுக் கிளம்பி, பத்திரமா திரும்பி வந்தாங்க. அதுலேருந்து இது வழக்கமாயிடுச்சுன்னு சொல்றாங்க.

ஆனா இதைக் கவனிங்க. அதே சோயுஸ் 12-ல மூணு சீட்டை ரெண்டா குறைச்சு, ரெண்டு பேருக்கும் விண்வெளி உடை கொடுத்திருந்தாங்க. உண்மையான பாதுகாப்பு அதுதான்.

1984 ஏப்ரல் 3-ம் தேதி நம்ம ராகேஷ் சர்மா பைக்கோனூர்லேருந்துதான் போனார். கூடப் போன ரெண்டு பேர்ல ஒருத்தர் கென்னடி ஸ்ட்ரெகலோவ். ஆறு மாசம் முன்னாடி, 1983 செப்டம்பர் 26-ல, இவர் உட்கார்ந்திருந்த ராக்கெட் கிளம்புறதுக்கு ஒண்ணரை நிமிஷம் இருக்கும்போது அடியில தீப்பிடிச்சுது. கேபிள் எரிஞ்சு போனதால கீழே இருந்தவங்க ரேடியோ மூலமா கமாண்ட் கொடுத்தாங்க. மேல இருந்த தப்பிக்கும் ராக்கெட் கேப்சூலை இழுத்துட்டுப் பறந்துச்சு. சில நொடியில கீழே ராக்கெட் வெடிச்சுது. உள்ள இருந்த ரெண்டு பேரும் உயிரோட இறங்குனாங்க. அந்த மனுஷன்தான் அதே ஊருக்குத் திரும்பி வந்து, சர்மாவோட ஏறுனார்.

எனக்கு இது ஏன் முக்கியம்னா, போன வருஷம் ஒரு ரிலீஸ் ராத்திரி. லேப்டாப் முன்னாடி உட்காரும்போது எங்கம்மா நெத்தியில திருநீறு பூசிட்டுப் போனாங்க. தைரியமா இருந்துச்சு. அந்த தைரியத்துல, ஏதாவது ஆனா பழைய வெர்ஷனுக்குத் திரும்புற வழியை டெஸ்ட் பண்ணாமலே பட்டனை அமுக்கிட்டேன். ரெண்டு மணி நேரம் பேமெண்ட் வேலை செய்யலை. திரும்புற வழியும் வேலை செய்யலை.

தப்பு திருநீறுல இல்ல. இஸ்ரோக்காரங்களே ராக்கெட் மாடலை எடுத்துட்டு திருப்பதிக்குப் போறாங்க. ஆனா கவுண்ட்டவுன்ல ஒரு செக்கையும் அதுக்காக விடுறதில்ல. படமும் திருநீறும் ஏறுறவன் மனசுக்கு. தப்பிக்கும் ராக்கெட் அவன் உயிருக்கு. ஒண்ணு இருக்குங்கிறதுக்காக இன்னொண்ணை விட்டுடக்கூடாது.

இப்பவும் அம்மா பூசுவாங்க. நானும் நெத்தியைக் காட்டுவேன். ஆனா முதல்ல டெஸ்ட் முடிச்சிருப்பேன்.

உங்க ரிலீஸ் ராத்திரி கதை இருந்தா அனுப்புங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்!