போக்குவரத்துத் துறையில் மேற்படிப்பு: சேருமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

(கிளைச் சங்கத்தின் கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சிவில் இன்ஜினீயரிங் படித்த பிள்ளை சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போவது நம் வீடுகளில் சகஜமாகிவிட்டது. போகட்டும், அதில் தவறில்லை. ஆனால் தன் துறையிலேயே மேலே படிக்க ஆசைப்படும் பிள்ளையிடமோ பெண்ணிடமோ, "ரோடு போடுவதற்கா எம்.டெக்.?" என்று கேட்டு அந்த ஆசையை அணைத்துவிடாதீர்கள். இதைச் சொல்லத்தான் வந்தேன்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022ம் ஆண்டில் நம் நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழந்தவர்கள் 1,68,491 பேர். நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வாகனத்தில் சென்றவர்கள். ஏறக்குறைய 20 பேர் நடந்து சென்றவர்கள். "டிரைவர் தவறு" என்று சொல்லிவிட்டு நாம் அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். ஆனால் வயதான ஒருவர் சாலையைக் கடக்க எத்தனை விநாடி பச்சை விளக்கு வேண்டும், வளைவில் எதிரே வரும் வண்டி எவ்வளவு தூரத்தில் தெரிய வேண்டும், நடைபாதை எத்தனை அகலம் வேண்டும் என்பதையெல்லாம் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டியவர் போக்குவரத்துப் பொறியாளர். அவர் சரியாகப் படித்திருக்கிறாரா என்பது நம் எல்லோருடைய க்ஷேமத்தையும் பொறுத்த விஷயம்.

இந்தத் துறைக்குள் நுழைய இரண்டு வாசல்கள் உண்டு. பலரும் இரண்டையும் ஒன்றென்று நினைத்து, பிறகு சங்கடப்படுகிறார்கள்.

முதலாவது, போக்குவரத்துப் பொறியியல். இது எம்.டெக். அல்லது எம்.இ. பட்டம். சாலையின் வடிவமைப்பு, அதன் அடுக்குகளின் வலிமை, சிக்னல் கணக்கு, வாகன ஓட்டத்தின் ஆய்வு முதலியவை இதில் அடங்கும். சென்னை, மும்பை, கரக்பூர், ரூர்க்கி ஐ.ஐ.டி.க்களிலும், திருச்சி, வாரங்கல், சூரத், கோழிக்கோடு என்.ஐ.டி.க்களிலும், அண்ணா பல்கலைக்கழகத்திலும் இதைப் படிக்கலாம். பெயர் இடத்துக்கு இடம் சற்று மாறும். பெரும்பாலான இடங்களில் சிவில் பி.இ. அல்லது பி.டெக். பட்டம் அவசியம்.

இரண்டாவது, போக்குவரத்துத் திட்டமிடல். டில்லியில் உள்ள ஸ்கூல் ஆஃப் பிளானிங் அண்ட் ஆர்க்கிடெக்சர் இதில் எம்.பிளான். பட்டம் அளிக்கிறது. ஒரு நகரத்தில் யார், எங்கிருந்து எங்கே, எதில் போகிறார்கள், இருபது வருஷம் கழித்து எப்படிப் போவார்கள் என்பதே இங்கே கேள்வி. சிவில் படித்தவர்களோடு பி.ஆர்க்., பி.பிளான். படித்தவர்களும் இதில் சேரலாம். பொருளாதாரம், புவியியல், புள்ளியியல் போன்ற பாடங்களில் முதுகலை முடித்தவர்களையும் இத்தகைய படிப்புகளில் சேர்ப்பதுண்டு. "எம்.ஏ. எகனாமிக்ஸ் படித்தவளுக்கு இதில் என்ன வேலை?" என்று கேட்க வேண்டாம்.

ஏன் என்பதற்கு ஓர் உதாரணம். அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் 1972ல் 'பார்ட்' என்ற ரயில் ஓடத் தொடங்கியது. பயணிகளில் 15 சதவீதம் பேர் அதில் ஏறுவார்கள் என்பது அதிகாரபூர்வ மதிப்பீடு. டேனியல் மக்ஃபாடன் என்ற பொருளாதார நிபுணர், மக்கள் நேரத்தையும் செலவையும் எப்படி எடை போடுகிறார்கள் என்று ஆராய்ந்து, 6.3 சதவீதம்தான் என்றார். நடந்தது 6.2. இந்த ஆராய்ச்சி வழிக்காகவே அவருக்கு 2000ம் ஆண்டு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நம் நாட்டிலும் சில நகரங்களில் மெட்ரோவில் ஏறியவர்கள் திட்ட அறிக்கையில் எழுதியதைவிடக் குறைவு. மத்திய அரசின் 2017 மெட்ரோ கொள்கை, மெட்ரோவுக்கு உதவி கேட்கும் முன் பஸ் முதலான மாற்று வழிகளையும் ஒப்பிட்டுக் காட்ட வேண்டும் என்கிறது. ஒப்பிடத் தெரிந்தவர்கள் வேண்டாமா?

இனி நடைமுறைக்கு வருவோம்.

பொறியியல் படிப்புக்குக் 'கேட்' தேர்வே முக்கியம். மூன்று மணி நேரம், 65 கேள்விகள், 100 மதிப்பெண். அதில் 15 பொது அறிவுத்திறனுக்கு. பிப்ரவரியில் நடக்கும். விண்ணப்பம் முந்தைய ஆண்டே தொடங்கிவிடும். மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும். மூன்றாம் ஆண்டு மாணவர்களும் எழுதலாம் என்று 2021 முதல் அனுமதி இருக்கிறது. ஆகவே ஒருமுறை எழுதிப் பார்த்துப் பழகிக்கொள்ளலாம். சிவில் வினாத்தாளும், கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் வினாத்தாளும் வேறு வேறு. எந்த வாசல் என்று தீர்மானித்துவிட்டு வினாத்தாளைத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்து ஓர் எச்சரிக்கை. ஐ.ஐ.டி. இடங்களை 'கோவாப்' என்ற பொதுத் தளத்தில் தருகிறார்கள். அதில் பதிவு செய்தால் போதும் என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு. ஒவ்வொரு ஐ.ஐ.டி.க்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். என்.ஐ.டி.க்களுக்கு 'சி.சி.எம்.டி.' என்ற வேறு கலந்தாய்வு.

பொதுப் பிரிவில், குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குக் கீழே உள்ளவர்களுக்கு மத்திய அரசுக் கல்வி நிறுவனங்களில் 10 சதவீத இடம் 2019 முதல் உண்டு. நிலம், வீடு பற்றிய நிபந்தனைகளும் உண்டு. சான்றிதழ் உரிய நிதியாண்டுக்கானதாக இருக்க வேண்டும். மாற்றலாகி ஊர் ஊராகப் போகும் குடும்பங்கள் இதைக் கடைசி வாரத்துக்கு வைத்துக்கொள்ளாமல் முன்பே விசாரித்து வைப்பது நல்லது.

செலவைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 'கேட்' மூலம் எம்.டெக். சேருபவர்களுக்கு மாதம் ரூ.12,400 உதவித்தொகை உண்டு. அதற்காக வாரம் எட்டு மணி நேரம் போல ஆசிரியர்களுக்கு உதவியாக வேலை செய்ய வேண்டியிருக்கும்.

வெளிநாடு போக விரும்புவோருக்கு நான்கு வருஷப் பட்டம், ஆங்கிலத் தேர்வு, மூன்று பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதம், தன் நோக்கத்தைச் சொல்லும் கட்டுரை ஆகியவை வேண்டும். 2020க்குப் பிறகு பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஜி.ஆர்.இ. தேர்வைக் கட்டாயமாகக் கேட்பதில்லை. அதனால் அந்தக் கட்டுரைக்கு மதிப்பு கூடியிருக்கிறது. அதை அப்பாவோ மாமாவோ எழுதித் தர வேண்டாம். "எங்கள் தெருமுனையில் காலை எட்டு மணிக்கு எத்தனை பஸ் நிற்காமல் போகிறது என்று ஒரு வாரம் எண்ணிப் பார்த்தேன்" என்று பிள்ளை தானே எழுதும் ஒரு வரி, பெரிய வார்த்தைகள் நிறைந்த ஒரு பக்கத்தைவிட மேல்.

எந்த வாசல் என்று எப்படித் தெரிந்துகொள்வது? குழந்தைகளே, ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு ஞாயிறும் ஒரு திங்களும் உங்கள் ஊரின் ஏதாவது ஒரு நாற்சந்தியில், பத்திரமான இடத்தில், ஒரு மணி நேரம் நில்லுங்கள். கார், ஸ்கூட்டர், ஆட்டோ, பஸ், நடப்பவர் என்று தனித்தனியாக எண்ணுங்கள். "சிக்னலை எப்படி மாற்றினால் நெரிசல் குறையும்?" என்று மனம் போனால் பொறியியல். "இவர்களெல்லாம் ஏன் பஸ்ஸில் வரவில்லை?" என்று மனம் போனால் திட்டமிடல். ஒரு மணி நேரம் நிற்கவே பொறுமையில்லை என்றால் இரண்டும் வேண்டாம். உள்ளே போன பிறகும் வெயிலில் நின்று எண்ணும் வேலை உண்டு.

இரண்டுக்கும் கணிதமும் புள்ளியியலும் கட்டாயம். கம்ப்யூட்டரில் நிரல் எழுதத் தெரிந்தால் மிகவும் உதவும். விதிமுறைகள் ஆண்டுதோறும் மாறுவதால், அந்தந்த நிறுவனத்தின் அந்த வருஷத்து அறிவிப்பைப் படித்த பிறகே பணம் கட்டுங்கள்.

பெற்றோர்களே, இதில் ஆரம்பச் சம்பளம் சாஃப்ட்வேர் அளவுக்கு இராமல் போகலாம். அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் நம் நகரங்கள் இன்று போடும் சாலையிலும் தண்டவாளத்திலும்தான் நம் பேரக்குழந்தைகள் நடமாடப் போகிறார்கள். அதைச் சரியாகச் செய்ய ஒரு பிள்ளை முன்வந்தால் தடுக்காதீர்கள்.

சந்தேகம் உள்ளவர்கள் இப்போது கேட்கலாம்.