மருந்துக்குக் காசா, பேருக்குக் காசா?



வலிக்கு மாத்திரை வாங்குவதில் நாம் எப்படி ஏமாறுகிறோம் என்பதைப் பற்றி இன்று சில வார்த்தைகள் சொல்லலாமென்று கருதுகிறோம். மூட்டுவலி, இடுப்புவலி என்று மாதாமாதம் மருந்துக் கடைக்குப் போகாத வீடு நம் ஊர்களில் அபூர்வம். அப்படிக் கொடுக்கும் பணத்தில் மருந்துக்கு எவ்வளவு, பேருக்கு எவ்வளவு என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

நம் வீட்டுச் சங்கதியையே முதலில் சொல்லுகிறோம். நமது தாயாருக்கு முழங்கால் வலி. ஒரு டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். சில மாதம் கழித்து இடுப்புவலிக்கென்று போன இடத்தில் வேறொரு டாக்டர் இன்னொரு மாத்திரை எழுதினார். முதல் மாத்திரையைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை. பேர் வேறு, நிறம் வேறு, விலை வேறு. ஆகவே மருந்தும் வேறு என்று நம்பி இரண்டையும் வாங்கிக் கொடுத்தோம். ஒருநாள் அம்மையாருக்குக் கறுப்பாக வெளிக்குப் போய், மயங்கி விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் அம்மாள்தான் இரண்டு அட்டைகளையும் சேர்த்து வைத்துக் காட்டினார். இரண்டிலும் இருந்தது டைக்ளோஃபெனாக் என்ற ஒரே மருந்து! அளவு மீறினால் வயிற்றைப் புண்ணாக்கும் மருந்தை இரட்டிப்பாகக் கொடுத்தோம். அதற்குக் காசும் இரட்டிப்பாகக் கொடுத்தோம். அம்மையார் பிழைத்தது நம் புத்தியால் அல்ல.

தோழர்களே! ஒவ்வொரு மாத்திரைக்கும் இரண்டு பேர் உண்டு. பாரசிட்டமால், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் என்பவை மருந்தின் சொந்தப் பேர்கள். மற்றது கம்பெனிக்காரன் விற்பனைக்காக வைத்த பேர். இம்மூன்று மருந்துகளையும் செய்ய இன்று எவருக்கும் தனி உரிமை கிடையாது; அநேக கம்பெனிகள் செய்கின்றன. சர்க்கார் இவற்றிற்கு உச்சவிலை வைத்திருப்பது வாஸ்தவம். ஆனால் அதற்கு மேல் விற்கக்கூடாது என்பதே அதன் பொருளேயன்றி, அவ்வளவு கொடுத்தே தீரவேண்டும் என்பதல்ல.

விலை குறைந்தால் வீரியமும் குறையுமே என்று சிலர் கேட்கிறார்கள். தமிழ்நாட்டு சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கு 1995 முதல் மருத்துவப் பணிகள் கழகம், சொந்தப் பேரிலேயே மருந்துகளை மொத்தமாக வாங்கி, சோதனைச் சாலையில் சோதித்து அனுப்பி வருகிறது. அதை உண்டு ஏழைகள் குணமாகவில்லையா? தரமில்லாத சரக்கு பிடிபடுவதுண்டு; பேர்போன கம்பெனிச் சரக்கிலும் அது உண்டு. தரத்தைச் சோதனை காட்டுமேயொழிய விலை காட்டாது.

ஆகையால் செய்யவேண்டியது என்ன? முதலாவது, டாக்டரிடமே கேளுங்கள். சீட்டில் கம்பெனிப் பேர் இருந்தால், கடைக்காரர் தாமாக வேறு மாத்திரை மாற்றிக் கொடுக்க விதி இடம் கொடுப்பதில்லை. ஆகவே, "மருந்தின் சொந்தப் பேரை எழுதுங்கள்" என்று மரியாதையாகவே கேட்கலாம். டாக்டர்களுக்கான நெறிவிதியும் அப்படித்தான், தெளிவான எழுத்தில் எழுதச் சொல்லுகிறது. இரண்டாவது, சொந்தப் பேரில் மலிவாக விற்கும் கடைகளைத் தேடுங்கள். 2008-ல் தொடங்கிய மக்கள் மருந்தகங்கள் இருக்கின்றன; 2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 1000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. மூன்றாவது, எந்த டாக்டரிடம் போனாலும் வீட்டிலுள்ள அட்டைகளை எல்லாம் எடுத்துப் போங்கள். நான்காவது, வாங்கினதற்குப் பில் கேளுங்கள்.

ஆனால் டாக்டர் செலவை மிச்சம் பிடிக்கிறோம் என்று, சீட்டு வேண்டிய மாத்திரையைச் சீட்டில்லாமல் வாங்கித் தின்பது சிக்கனமல்ல. டைக்ளோஃபெனாக் போன்றவை சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாரசிட்டமாலும் பல கூட்டு மாத்திரைகளில் ஒளிந்திருக்கிறது. பெரியவர்களுக்கே நாளொன்றுக்கு 4 கிராமுக்கு மேற்பட்டால் ஈரலுக்கு ஆபத்து.

நாம் சொல்லுகிறோம் என்பதற்காக எதையும் நம்பிவிடாதீர்கள். இன்றிரவே வீட்டிலுள்ள அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். படிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரே பேர் இரண்டு அட்டைகளில் வந்தால், பொழுது விடிந்ததும் டாக்டரிடம் போங்கள்.