ஒரு பாடசாலைக்குப் பெயர் வந்த வரலாறு



அமெரிக்க ஐக்கிய நாட்டில் இந்தியானாபொலிஸ் என்னும் நகரத்திலே, கறுப்பின மாணாக்கருக்கென்றே கட்டப்பெற்ற ஓர் உயர்தரப் பாடசாலையின் பெயரைக் குறித்து இன்று சில சொல்ல முற்படுகின்றோம்.

அந்நகரத்து உயர்தரப் பாடசாலைகளில் முன்னர் வெள்ளையரும் கறுப்பரும் ஒருங்கே பயின்று வந்தனர். 1922-ஆம் ஆண்டில் கல்விச் சபையார் கறுப்பருக்குத் தனிப் பாடசாலை அமைப்பதென்று தீர்மானித்தனர். கூ குளக்ஸ் கிளான் என்னும் நிறவெறிக் கூட்டம் அந்நாட்டில் ஓங்கி நின்ற காலம் அது. கறுப்பின மக்கள் எதிர்த்தனர்; வழக்குந் தொடுத்தனர்; பயனில்லை. பாடசாலைக்குத் தாமஸ் ஜெபர்ஸன் பெயரைச் சூட்டுவதென்றும் நிச்சயிக்கப்பட்டது.

ஜெபர்ஸன் யாவர்? 1776-இல் மானிடர் சமத்துவத்தைப் பறைசாற்றிய சுதந்தரப் பிரகடனத்தை வரைந்தவர். தம் ஆயுட்காலத்தில் 600 பேருக்கு மேல் அடிமைகளாக உடைமை கொண்டவரும் அவரே. ஒதுக்கப்பட்ட பிள்ளைகள் அடிமைகளின் எஜமானர் பெயரை நாடோறும் வாயிலில் வாசித்து உட்புக வேண்டுமாம்! இதனை எங்ஙனம் பொறுப்பர்? மீண்டும் விண்ணப்பஞ் செய்தனர். பிரிவினையைக் கைவிடாத சபையார் பெயர் விஷயத்தில் மட்டும் இணங்கினர். 1927 செப்டம்பரில் திறக்கப்பெற்றபோது அப்பாடசாலை கிறிஸ்பஸ் அட்டக்ஸ் என்பவர் பெயரைத் தாங்கி நின்றது.

அட்டக்ஸ் பெருநூல் எழுதியவரல்லர், கப்பல் தொழிலாளி. ஆப்பிரிக்க இரத்தமும் அமெரிக்கப் பூர்வகுடி இரத்தமும் கலந்தவர் என்பர். 1770 மார்ச்சு 5-ந் தேதி பாஸ்டன் நகரில் ஆங்கிலப் பட்டாளத்தார் கூட்டத்தின்மீது சுட்டதில் மாண்ட ஐவருள் முதலில் வீழ்ந்தவர் இவரென்பது வழிவழி வந்த செய்தி. 1750-இல் ஓடிப்போன அடிமையொருவனைப் பிடித்துத் தருவார்க்கு 10 பவுன் வெகுமதி என்று ஒரு பத்திரிகையில் விளம்பரம் வந்தது. அவ்வடிமை இவரே என்று சரித்திரக்காரர் பலர் கருதுவர். ஆகவே எஜமானர் பெயர் நீங்கி, எஜமானனை விட்டுச் சென்றவர் பெயர் வந்ததாயிற்று!

ஒதுக்கவென்று கட்டிய அவ்விடத்தில் நிகழ்ந்தது வேறு. வெள்ளையர் கலாசாலைகள் கறுப்பினப் பண்டிதர்க்கு உத்தியோகம் மறுத்தமையால், உயர்ந்த பட்டம் பெற்றோர் பலர் இங்கே உபாத்தியாயராக வந்தமர்ந்தனர். 1955-இல் ஆஸ்கார் ராபர்ட்ஸன் முதலிய மாணாக்கர் கூடைப்பந்தாட்டத்தில் இந்தியானா மாகாண விருதை வென்றனர்; கறுப்பருக்கேயான பாடசாலையொன்று, எல்லாருக்கும் பொதுவான மாகாணப் போட்டியில் வென்றது அந்நாட்டில் அதுவே முதன்முறை. ஆயினும் வெற்றி ஊர்வலம் நகரின் நடுவில் தங்கிக் கொண்டாட இடம்பெறாது, கறுப்பர் வாழும் பகுதியின் பூங்காவிற்கே செலுத்தப்பட்டது. மறு ஆண்டும், ஓர் ஆட்டத்திலும் தோலாது, அவர்களே வென்றனர்.

1986-இல் அது கீழ்வகுப்புப் பாடசாலையாகக் குறைக்கப்பட்டது. 2006-இல் மீண்டும் உயர்தர வகுப்புகள் தொடங்கின. பெயர் மாற்றப்படவில்லை.